காட்டேரிக்கும் அடி சறுக்கும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"யானைக்கும் அடி சறுக்கும்" என்பது நம் முன்னோர் வாக்கு. யானைக்கே சறுக்கும்போது இரத்தக் காட்டேரிக்குச் சறுக்காதா? சறுக்கும்! ஒருமுறை அன்று, பலமுறை சறுக்கும். அந்தச் சறுக்கல்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். "கன்னியர் நடத்தும் பள்ளியின் மலரில் பேய்ப்படத்தைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று பெற்றோர் யாரும் புருவத்தை உயர்த்த வேண்டாம். நாங்கள் பேய்க்குப் பரிந்து பேச வரவில்லை. பேயின் குட்டை உடைக்கத்தான் வந்திருக்கிறோம்.

நடந்தது இதுதான். கோடை விடுமுறையில் நாங்கள் நான்கு தோழியர், எங்களில் ஒருத்தியின் வீட்டில் கூடினோம். பெரியவர்களின் அனுமதியோடு, 1931-ஆம் ஆண்டு வெளிவந்த 'டிராகுலா' என்னும் பழைய அமெரிக்கப் படத்தைப் பார்த்தோம். கறுப்பு வெள்ளைப் படம். இரத்தத்தைக் காட்டுவதே அதில் அரிது. ஆனாலும் பேலா லுகோசி என்னும் நடிகர் கறுப்பு மேலங்கியோடு மாடிப்படியில் நின்று உற்றுப் பார்த்த பார்வை ஒன்றே போதுமானதாக இருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் தோழியின் தங்கை, எங்களுக்குத் தெரியாமல் கதவோரம் நின்று அதைப் பார்த்துவிட்டாள். அன்றிரவு அவள் விளக்கை அணைக்க விடவில்லை. ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தும் உறக்கம் வரவில்லை. ஜன்னலில் மரக்கிளை உரசினால்கூட வௌவால் என்று அலறினாள்.

மறுநாள் காலை விஷயம் பாட்டியின் காதுக்கு எட்டியது. எங்களுக்கு நல்ல பாட்டு கிடைத்தது என்று சொல்லத் தேவையில்லை. கோபம் தணிந்ததும் பாட்டி சொன்னார்: "பயந்ததைப் பாதியிலே விட்டால் அது கூடவே வரும். நல்ல வெளிச்சத்திலே அதே படத்தை மறுபடியும் போட்டு, அதிலே என்னென்ன தப்பு இருக்குன்னு எழுதுங்க. குழந்தையையும் பக்கத்திலே உட்கார வெச்சுக்குங்க." அப்படித்தான் ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் கையுமாக எங்கள் ஆராய்ச்சி தொடங்கியது.

பிழைகள் மூன்று வகை

பிழையைப் பிடிக்க வேண்டுமானால் படம் எப்படி எடுக்கப்படுகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். ஆண்டு விழாவில் நாம் போடும் நாடகம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் நடக்கும். திரைப்படம் அப்படியன்று. கடைசிக் காட்சியை முதல் நாளே எடுப்பார்கள். ஒரே அறையில் நடக்கும் காட்சிகள் கதையில் எங்கெங்கோ இருந்தாலும் அவற்றைச் சேர்த்து ஒரே வாரத்தில் எடுத்துவிடுவார்கள். மேசையின் இருபுறமும் இருவர் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் முகத்தைக் காலையில் எடுத்துவிட்டு, மற்றவர் முகத்தை மாலையில் எடுப்பார்கள். பிறகு அவற்றை வெட்டி மாற்றி மாற்றி ஒட்டும்போதுதான் அது ஓர் உரையாடல் ஆகிறது.

இப்போது அந்த மேசையில் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது என்றால் என்ன ஆகும்? காலையில் நெடிதாக நின்ற மெழுகுவர்த்தி மாலையில் பாதியாகிவிடும். ஒட்டிய படத்தில் அது குட்டையாகி, நெடிதாகி, மறுபடியும் குட்டையாகும்! இப்படி நேராமல் இருக்க, எந்தப் பொருள் எங்கே இருந்தது, பொத்தான் போட்டிருந்ததா, முடி எந்தப் பக்கம் விழுந்தது என்றெல்லாம் குறித்து வைப்பதற்கென்றே படப்பிடிப்பில் ஒருவர் இருப்பார். இந்த வேலையைக் 'கன்டினியூட்டி' பார்ப்பது என்று நம் ஊர்த் திரையுலகிலும் சொல்கிறார்கள். அவர் கண் அயர்ந்தால் வருவது முதல் வகை. அதைத் தொடர்ச்சிப் பிழை என்போம்.

உலக உண்மைக்கு மாறாக வருவது இரண்டாம் வகை. அதைச் செய்திப் பிழை என்போம். கதை தானே சொன்னதற்குத் தானே மாறாக நடப்பதும், தொடங்கியதை முடிக்காமல் விடுவதும் மூன்றாம் வகை. அதுதான் கதை ஓட்டை. முதல் வகை கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் வகை படித்தவருக்குத் தெரியும். மூன்றாம் வகை யோசிப்பவருக்கு மட்டுமே தெரியும்.

கோட்டைக்குள் வந்த அமெரிக்க விருந்தாளிகள்

பேய்ப்படங்களில் மெழுகுவர்த்தி நிறைய எரிவதால் தொடர்ச்சிப் பிழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1931-ஆம் ஆண்டுப் படத்தில் எங்களைச் சிரிக்க வைத்தது வேறொன்று. படுக்கையறைக் காட்சியொன்றில் விளக்கின் மேல் ஓர் அட்டைத் துண்டு சாய்ந்து நிற்கிறது. நடிகையின் முகத்தில் வெளிச்சம் அளவாக விழுவதற்காக வைத்திருப்பார்கள் போலும். எடுக்க மறந்துவிட்டார்கள். இத்தனை ஆண்டுகளாக அது அங்கேயே நிற்கிறது! அதைப் பார்த்ததும் தங்கைக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது.

செய்திப் பிழைக்கு அந்தப் படத்தின் தொடக்கமே நல்ல எடுத்துக்காட்டு. டிராகுலா பிரபுவின் கோட்டை டிரான்சில்வேனியாவில் உள்ளது. இன்று அது ஐரோப்பாவில் ருமேனியா நாட்டின் ஒரு பகுதி. கோட்டையின் நிலவறையில் சவப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு சிறு விலங்கு குடுகுடுவென்று ஓடுகிறது. உடல் முழுவதும் கவசம். நம் நாட்டு அழுங்கோ என்று முதலில் எண்ணினோம். விலங்கியல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான் அது ஆர்மடில்லோ என்று தெரிந்தது. ஆர்மடில்லோ வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் விலங்கு. அது டிரான்சில்வேனியாவுக்கு எப்படிப் போயிற்று? கப்பலிலா? கூடவே ஒப்போசம் என்னும் அமெரிக்க விலங்கும் தலை காட்டுகிறது. படம் எடுக்கப்பட்ட இடம் கலிபோர்னியா என்பதை நினைத்தால் விடை கிடைத்துவிடும்.

இதற்கு மூத்த படம் 1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் என்பவர் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'. அது ஊமைப்படம். அதில் மலையடிவாரச் சத்திரத்து மக்கள், இரவில் ஓநாய் மனிதன் உலவுகிறான் என்று அஞ்சுகிறார்கள். உடனே திரையில் தோன்றுவது ஓநாயன்று, ஒரு கழுதைப்புலி! ஐரோப்பாவின் கார்பேத்திய மலையில் கழுதைப்புலிக்கு என்ன வேலை? நம் நீலகிரி அடிவாரத்தில் முதுமலைக் காட்டுக்குப் போனால் வரிக் கழுதைப்புலியைப் பார்க்க வாய்ப்புண்டு. ஆனால் அங்கே ஓநாய் மனிதன் இருப்பதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

ஒவ்வொரு பேய்க்கும் ஒரு சட்டம்

கதை ஓட்டையைத் தேடப் புறப்பட்டபோது நாங்கள் ஒரு தவறு செய்தோம். காட்டேரி என்றால் பகலில் வெளியே வராது, கண்ணாடியில் தெரியாது, சிலுவைக்கு அஞ்சும், வௌவாலாக மாறும் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டோம். அந்தப் பட்டியலுக்கு மாறாக நடந்ததையெல்லாம் 'ஓட்டை' என்று குறித்தோம். அது சரியன்று என்பது பிறகே தெரிந்தது.

இந்தப் படங்களுக்கெல்லாம் தாய், பிராம் ஸ்டோக்கர் என்னும் அயர்லாந்து எழுத்தாளர் 1897-இல் வெளியிட்ட 'டிராகுலா' நாவல். அந்த நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான்! பகலில் அவனுடைய மாய சக்திகள் குறையுமே தவிர, வெயில் பட்டால் அவன் சாம்பலாகிவிட மாட்டான். சூரிய ஒளியால் காட்டேரி அழியும் என்ற எண்ணத்தைப் பரப்பியது 'நோஸ்ஃபெராட்டு' படந்தான். அதன் முடிவில் ஒரு பெண் தன் ஊரைக் காக்கத் தன்னையே பலியாகக் கொடுத்து, பொழுது விடியும் வரை அந்தப் பேயைத் தன்னருகே நிறுத்தி வைக்கிறாள். சேவல் கூவுகிறது. கதிரொளி பட்டுப் பேய் புகையாகிறது.

ஆகவே நாவலின் டிராகுலா பகலில் நடந்தால் அது ஓட்டையன்று. நோஸ்ஃபெராட்டுவின் பேய் பகலில் நடந்தால்தான் ஓட்டை. வாலிபால் விதியைக் கொண்டு கூடைப்பந்து ஆட்டத்தில் 'ஃபவுல்' கொடுக்க முடியுமா? ஒரு கதையை அந்தக் கதையின் சட்டத்தாலேயே அளக்க வேண்டும். இதுதான் எங்கள் நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட முதல் விதி.

நாங்கள் வெட்கப்பட்ட இடம்

அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு 'நோஸ்ஃபெராட்டு'வைப் பார்த்தோம். அகப்பட்டது பெரிய மீன்! வெயில் பட்டால் அழிந்துபோகும் அதே பேய், ஊருக்குள் வந்திறங்கியதும் தன் சவப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறது. தெருவிலோ பளிச்சென்று பகல் வெளிச்சம். சுவரில் நிழல்கூட விழுகிறது. "இதைவிடப் பெரிய ஓட்டை உண்டா? இயக்குநர் உறங்கிவிட்டாரா?" என்று கைகொட்டிச் சிரித்தோம். வீட்டுக்கு வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தோம்.

பிறகு அந்தப் படத்தின் வரலாற்றைப் படித்தோம். அந்தக் காலத்துப் பிலிம் சுருளில் இரவு இருட்டில் படம் பிடிப்பது மிகக் கடினம். எனவே இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்து, பிரதியில் அந்தப் பகுதிக்கு மட்டும் நீலச் சாயம் ஏற்றினார்கள். நீலம் என்றால் இரவு என்பது அன்றைய பார்வையாளர்களுக்குத் தெரியும். ஆனால் இந்தப் படத்துக்கு ஒரு சோதனை வந்தது. ஸ்டோக்கரின் நாவலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காக அவருடைய மனைவி ஃபுளாரன்ஸ் வழக்குத் தொடுத்தார். 1925-இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி தீர்ப்பாயிற்று. தப்பிய பிரதிகளிலிருந்து பிரதி எடுத்து எடுத்து, நீலச் சாயம் இல்லாத கறுப்பு வெள்ளைப் பிரதிகளே நெடுங்காலம் உலவின. நாங்கள் பார்த்ததும் அத்தகைய ஒன்றுதான். சாயம் ஏற்றிய பழைய பிரதியொன்றின் உதவியால் பின்னாளில் சீர்ப்படுத்திய படத்தில், அதே தெரு நீல இரவில் மூழ்கியிருக்கிறது.

ஆக, தவறு இயக்குநருடையதன்று. காலம் அழித்த நீலத்தை நாங்கள் அவர் தலையில் குற்றமாகச் சுமத்திவிட்டோம். நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, இரண்டாம் விதியை எழுதினோம்: பிழை என்று முரசறையுமுன், நமக்குத் தெரியாத காரணம் ஏதேனும் உண்டா என்று கேட்க வேண்டும். வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லியிருந்தோமே, அவர்களிடமெல்லாம் மறுபடியும் போய்ச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

உண்மையான ஓட்டைகள் சில

ஓட்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனம் 1958-இல் 'டிராகுலா' கதையை வண்ணப்படமாக எடுத்தது. டிராகுலாவாகக் கிறிஸ்டோபர் லீயும், அவனை வேட்டையாடும் டாக்டர் வான் ஹெல்சிங்காகப் பீட்டர் குஷிங்கும் நடித்தனர். (இதில் இரத்தம் நல்ல சிவப்பு. பெரியவர்கள் உடனிருக்கப் பார்த்தோம். சில இடங்களில் கண்ணைப் பொத்திக்கொண்டோம்.) அதில் ஜானதன் ஹார்க்கர் என்பவர் நூலகர் வேடத்தில் கோட்டைக்குள் நுழைவதே டிராகுலாவைக் கொல்லத்தான். நிலவறையில் இரண்டு சவப்பெட்டிகள். ஒன்றில் டிராகுலா, மற்றொன்றில் ஒரு காட்டேரிப் பெண். பொழுது சாயப் போகிறது. யாரை முதலில் முடிக்க வேண்டும்? எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்! ஆனால் ஹார்க்கர் அந்தப் பெண்ணின் மார்பில் முதலில் முளையை இறக்குகிறார். திரும்பிப் பார்ப்பதற்குள் இருட்டிவிடுகிறது. டிராகுலாவின் பெட்டி காலி. அத்துடன் ஹார்க்கரின் கதையும் முடிந்தது.

இது ஓட்டையா, மனித பலவீனமா என்று எங்களுக்குள் பெரிய விவாதம். "பயத்தில் மனிதன் தவறு செய்வான். நாம் தேர்வில் தெரிந்த கேள்வியை விட்டுவிட்டுத் தெரியாத கேள்வியோடு மல்லுக்கட்டுவதில்லையா?" என்றாள் ஒருத்தி. "அதற்கென்றே பயிற்சி பெற்று வந்தவர் அப்படிச் செய்தால், கதையை நகர்த்துவதற்காக எழுத்தாளர் அவரை முட்டாளாக்கினார் என்றுதான் பொருள்" என்றாள் இன்னொருத்தி. இரண்டுக்கு இரண்டு என்று வாக்குகள் பிரிந்தன.

ஆனால் அடுத்தது விவாதத்துக்கு இடமில்லாதது. அதே 1958 படத்தில், காட்டேரிகள் வௌவாலாக மாறும் என்பது வெறும் கட்டுக்கதை என்று வான் ஹெல்சிங் அடித்துச் சொல்கிறார். இரண்டே ஆண்டில், 1960-இல் அதே நிறுவனம் 'டிராகுலாவின் மணப்பெண்கள்' என்ற பொருளுள்ள பெயரில் அடுத்த படத்தை எடுத்தது. அதே வான் ஹெல்சிங், அதே நடிகர். அதில் வரும் காட்டேரி அழகாக வௌவாலாக மாறிப் பறக்கிறது! இன்னொரு வேடிக்கை, தலைப்பில் டிராகுலா இருந்தாலும் படத்தில் டிராகுலா வருவதே இல்லை. 1968-இல் வந்த மற்றொரு தொடர்ச்சிப் படத்தில், காட்டேரிக்குப் பிம்பம் இல்லை என்ற பழைய வழக்கை மறந்து, ஓடைநீரில் டிராகுலாவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. 1931 படத்திலோ, சிகரெட் பெட்டியின் மூடியிலிருந்த சிறு கண்ணாடியில் பிம்பம் விழாததால்தான் டிராகுலா அகப்பட்டுக்கொள்கிறான்.

எங்கள் பத்தாம் வகுப்புக் கணிதமும் ஓர் ஓட்டையைக் காட்டியது. காட்டேரி கடித்தவரெல்லாம் காட்டேரி ஆவார் என்றும், ஒவ்வொன்றும் மாதம் ஒருவரைக் கடிக்கும் என்றும் கொள்வோம். முதலில் 1, பிறகு 2, 4, 8, 16 என்று எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகும். இதுதான் பெருக்குத் தொடர்வரிசை. பத்தாம் மாத முடிவில் 1,024. இருபதாம் மாத முடிவில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். 33-ஆம் மாதத்தில் 858 கோடியே 99 லட்சத்து 34 ஆயிரத்து 592! இன்றைய உலக மக்கள்தொகை 800 கோடிக்குச் சற்று மேல்தான். அதாவது மூன்று ஆண்டு முடியுமுன் கடிபட ஆளே இருக்காது. பல நூற்றாண்டுகளாக வாழும் டிராகுலாவின் கோட்டையில் மூன்று பெண் காட்டேரிகள் மட்டுமே இருப்பது எப்படி? நாவல் இதற்கு ஓரளவு விடை வைத்திருக்கிறது. கடிபட்டவர் இறந்தால்தான் காட்டேரி ஆவார். இறக்குமுன் டிராகுலா அழிந்தால் தப்பிவிடுவார். பல படங்கள் இந்த நுட்பத்தை மறந்துவிடுகின்றன.

ஞானோபதேசம் பிடித்துக் கொடுத்த பிழை

அவரவர் அறிந்ததைக் கொண்டுதான் பிழை பிடிக்க முடியும். விலங்கியல் தெரிந்தவர் ஆர்மடில்லோவைப் பிடிப்பார். நாங்கள் பிடித்தது வேறு. அது படத்தில் இல்லை, மூல நாவலிலேயே இருக்கிறது. வான் ஹெல்சிங் கத்தோலிக்கர். அவர் திவ்விய நற்கருணை அப்பத்தை நொறுக்கிப் பிசைந்து, காட்டேரி நுழைய முடியாதபடி கல்லறைக் கதவின் இடுக்கில் பூசுகிறார். உடனிருப்பவர்கள் திகைக்க, அதற்குத் தமக்குப் 'பலன்' கிடைத்திருப்பதாகச் சொல்லிவிடுகிறார்.

எங்கள் மறைக்கல்வி சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் காதைப் பொத்திக்கொண்டார், பிறகு சிரித்தார். பரிபூரண பலன் என்றால் என்ன? பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெற்ற பாவங்களுக்காக இன்னும் அனுபவிக்க வேண்டிய தண்டனையைத் திருச்சபை நீக்குவது. அது எதையும் செய்துகொள்ளத் தரும் அனுமதிச் சீட்டு அன்று. நற்கருணையை இப்படிச் சுண்ணாம்பு போலப் பூச எவரும் அனுமதி தரவும் முடியாது. அது பெரும் அவசங்கை. ஸ்டோக்கர் கத்தோலிக்கர் அல்லர், அயர்லாந்தின் புரொட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர். கேள்விப்பட்ட சொல்லைப் பொருள் தெரியாமல் போட்டுவிட்டார் போலும். "பாடுபட்ட சுரூபமும் தீர்த்தமும் மந்திரக் கருவிகள் அல்ல. விசுவாசமும் ஜெபமும் இல்லாமல் அவற்றைச் சுழற்றினால் பயனில்லை" என்றார் சிஸ்டர். வியப்பு என்னவென்றால், மேலே சொன்ன 1968 படத்தில், கடவுள் நம்பிக்கை இல்லாத ஓர் இளைஞன் முளையை இறக்கிவிட்டு ஜெபிக்க முடியாமல் நிற்கும்போது, டிராகுலா அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறான்! முந்திய படங்களில் இல்லாத புதுச் சட்டம் அது. ஆகவே கதை ஓட்டைதான். ஆனால் சிஸ்டருக்கு அந்த ஓட்டை மட்டும் பிடித்திருந்தது.

நாங்கள் பிடிக்காமல் விட்டது

இவ்வளவும் எழுதி முடித்து, நோட்டை உரக்கப் படித்து, எங்களை நாங்களே மெச்சிக்கொண்டிருந்தோம். அப்போது தங்கை கேட்டாள்: "அந்த லூசி அக்காவுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். 1931 படத்தில் லூசி என்பவள் கதாநாயகி மீனாவின் உயிர்த்தோழி. டிராகுலாவுக்கு இரையாகி இறந்துபோகிறாள். பிறகு அவளே காட்டேரியாகி, வெள்ளை உடையில் இரவில் உலவிக் குழந்தைகளைக் கவர்ந்து செல்வதாகச் செய்தி வருகிறது. மீனா கலங்குகிறாள். லூசியின் ஆன்மாவுக்கு விடுதலை கிடைக்கும் என்று வான் ஹெல்சிங் அவளுக்கு வாக்குக் கொடுக்கிறார். அவ்வளவுதான். அதன்பின் படத்தில் லூசியின் பேச்சே இல்லை! டிராகுலா அழிகிறான், மீனா மீள்கிறாள், நாயகனோடு படியேறிப் போகிறாள், மணி ஒலிக்கிறது, படம் முடிகிறது. லூசி இன்னும் இருட்டில் அலைகிறாளா, இளைப்பாறினாளா? யாருக்கும் தெரியாது. அட்டைத் துண்டையும் ஆர்மடில்லோவையும் கண்ட எங்கள் எட்டுக் கண்களும் ஒரு பெண் காணாமற்போனதைக் காணவில்லை.

அதன் பிறகுதான் விடை தேடிப் புறப்பட்டோம். நாவலில் லூசியின் கதை பாதியில் நிற்கவில்லை. அவளை மணக்கவிருந்தவரே கண்ணீரோடு அவளை விடுவிக்கிறார். அவள் முகம் மறுபடியும் அமைதி பெறுகிறது. படத்திலும் இதற்கு ஒரு விடை உண்டு, ஆனால் அந்தப் படத்தில் அன்று. பேசும் படம் வந்த புதிதில் பிறமொழியில் குரல் கொடுக்கும் வசதி வளராததால், ஹாலிவுட்டில் ஒரே கதையை வேறு மொழி நடிகர்களைக் கொண்டு மறுபடியும் எடுப்பதுண்டு. 'டிராகுலா'வும் அப்படி ஸ்பானிய மொழியில் எடுக்கப்பட்டது. பகலில் ஆங்கிலக் குழு வேலை செய்துவிட்டுப் போனபின், இரவில் ஸ்பானியக் குழு அதே அரங்குகளில் வந்து படம் பிடித்தது. ஜார்ஜ் மெல்ஃபோர்டு இயக்கிய இதில் டிராகுலாவாக நடித்தவர் கார்லோஸ் வில்லாரியாஸ். பகல் குழு எடுத்ததைப் பார்த்துவிட்டு, அதைவிட நன்றாகச் செய்ய இரவுக் குழு முயன்றது.

ஆங்கிலப் படம் 75 நிமிடம் ஓடுகிறது; ஸ்பானியப் படம் 104 நிமிடம். அந்தக் கூடுதல் நேரத்தில் பல ஓட்டைகள் அடைபடுகின்றன. ஆங்கிலப் படத்தில் மயங்கிக் கிடக்கும் பணிப்பெண்ணை நோக்கிப் பித்தன் ரென்ஃபீல்டு தவழ்ந்து போவதோடு காட்சி அறுந்துவிடும்; அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறுவோம். ஸ்பானியப் படத்தில் அவன் பிடிக்கப் போனது ஓர் ஈயைத்தான் என்று தெரிகிறது. அதைவிட முக்கியமாக, வான் ஹெல்சிங்கும் நாயகனும் லூசியாவின் கல்லறையில் தங்கள் கடமையை முடித்துவிட்டுத் திரும்பும் சிறு காட்சி அதில் இருக்கிறது. கொடுத்த வாக்கு காப்பாற்றப்படுகிறது.

அந்தக் காட்சியைத் தங்கைக்குப் போட்டுக் காட்டினோம். "அப்போ அவங்க சாந்தியா தூங்கிட்டாங்க இல்லே?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றோம். அன்றிரவு விளக்கை அணைக்க விட்டாள். அவளைப் பயமுறுத்தியது டிராகுலாவின் கண்கள் என்றல்லவா நாங்கள் நினைத்திருந்தோம்? அந்த அக்கா யாரும் தேடாமல் இருட்டிலேயே விடப்பட்டாளே என்பதுதான் அவள் உறக்கத்தைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறோம்.

நீங்களும் இந்தப் பயிற்சியைச் செய்து பார்க்கலாம். பேய்ப்படந்தான் வேண்டும் என்பதில்லை. எந்தப் படமும் சரியே. முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் தடவை நோட்டோடு உட்காருங்கள். மெழுகுவர்த்தி, கடிகாரம், உடை, கண்ணாடி, சூரியன் ஆகியவற்றின் மேல் கண் வையுங்கள். அந்தக் கதை தனக்குத் தானே விதித்த சட்டங்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். பிழை என்று தோன்றினால், காரணம் உண்டா என்று ஒருமுறை விசாரியுங்கள். கடைசியாக, கதையில் வந்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அவருக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்தில் குறியுங்கள். எங்கள் நோட்டில் இல்லாதிருந்த இந்தக் கடைசிப் பட்டியலை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவள் மூன்றாம் வகுப்பு மாணவி.

விளக்கின் மேல் மறந்துபோன அட்டையை மன்னித்துவிடலாம். வழி தவறி வந்த ஆர்மடில்லோவைப் பார்த்துச் சிரித்துவிடலாம். மறந்துபோன மனிதர்தான் பெரிய ஓட்டை. நவம்பர் மாதத்தில் யாரும் நினையாத ஆன்மாக்களுக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள் என்று சிஸ்டர் ஏன் ஒவ்வோர் ஆண்டும் நினைவூட்டுகிறார் என்பது இப்போது எங்களுக்குக் கொஞ்சம் நன்றாகவே புரிகிறது.